மேடைக்கு மிடி கீபோர்டு: முதலில் பின்பக்கத்தைப் பாருங்கள்

வணக்கம். பின்னால் 'டக்கு டக்கு' என்று கேட்பதை ரிதம் பேட் என்று நினைத்துவிடாதீர்கள். அது பக்கத்து வீட்டு விசைத்தறி. சேலம் அம்மாபேட்டையில் தறி ஓடாத நேரமாகப் பார்த்து வீடியோ எடுக்க நினைத்தால் நான் தூங்கவே முடியாது.

இன்றைக்கு மிடி கன்ட்ரோலர், அதாவது லேப்டாப்பில் உள்ள ஒலிகளை வாசிக்க உதவும் கீபோர்டு, வாங்குவதைப் பற்றிப் பேசுகிறேன். வீட்டில் உட்கார்ந்து மெட்டுப் போடுகிறவர்களுக்கு இல்லை. ஆடி மாதம் தெருவுக்குத் தெரு மேடை ஏறுகிறவர்களுக்கு.

போன ஆடியில் நடந்ததைச் சொல்கிறேன். கோயில் மேடை, அம்மன் பாட்டு, வலது கை நாதஸ்வர ஒலியில் பஞ்சமத்தைப் பிடித்திருக்கிறது. யாரோ ஸ்டாண்டுக்குப் பின்னால் நடந்து போனார், யூஎஸ்பி கேபிள் கழன்றுவிட்டது. ஒலி நின்றிருந்தால்கூடச் சமாளித்திருப்பேன். நிற்கவில்லை. கையை எடுத்த பிறகும் பஞ்சமம் 'பீ' என்று ஊதிக்கொண்டே இருந்தது. பாடகி சரணத்துக்குப் போய்விட்டார். என் பஞ்சமம் பல்லவியிலேயே நின்றது. பூசாரிகூடத் திரும்பிப் பார்த்தார்.

ஏன் அப்படி? இந்தப் பெட்டிக்குள் ஒலி கிடையாது. ஒரு கீயை அழுத்தினால், 'இந்த கீ, இவ்வளவு வேகத்தில்' என்று லேப்டாப்புக்கு ஒரு செய்தி போகும். விட்டால், 'விட்டாயிற்று' என்று இன்னொரு செய்தி. 1983-இல் மிடி வந்த நாளிலிருந்து இதுதான் முறை. கேபிள் கழன்றதும் இரண்டாவது செய்தி போய்ச் சேரவில்லை. என் விரல் இன்னும் அங்கேயே இருப்பதாக லேப்டாப் நம்பிக்கொண்டிருந்தது, பாவம். எல்லா ஸ்வரங்களையும் ஒரேயடியாக நிறுத்தும் 'பானிக்' கட்டளை பெரும்பாலான மென்பொருள்களில் உண்டு. அது லேப்டாப்பில் எங்கே இருக்கிறது என்பதை மேடைக்குப் போகும் முன்பே தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஆகவே கடைக்குப் போனால் பெட்டியைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பாருங்கள். யூஎஸ்பி கேபிளைச் செருகி லேசாக ஆட்டுங்கள். தொளதொளவென்று ஆடினால் வேண்டாம். சதுர வாய் உள்ள பெரிய யூஎஸ்பியை நான் அதிகம் நம்புகிறேன். வட்டமான ஐந்து முள் மிடி அவுட்டும் அடாப்டர் போடும் இடமும் இருந்தால் கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்தாலும் தப்பில்லை. லேப்டாப் பாதியில் படுத்துவிட்டால் ஒரு சவுண்ட் மாட்யூலை (லேப்டாப் இல்லாமலே ஒலி தரும் பெட்டி) மாட்டிக் கச்சேரியை முடித்துவிடலாம். எதை வாங்கினாலும் கேபிளை ஸ்டாண்டின் காலில் ஒரு சுற்றுச் சுற்றி டேப் ஒட்டிவிடுங்கள். ஆடிக்குப் பிறகு நான் ஒட்டாமல் வாசித்ததே இல்லை.

அடுத்தது இடது கை. கீபோர்டில் கமகம் அங்கேதான் இருக்கிறது. சுருதியை வளைக்கும் பிட்ச் பெண்ட் சக்கரத்தை முழுக்கத் தள்ளினால் வழக்கமாக இரண்டு அரைச்சுரம் ஏறும். சக்கரம் லேப்டாப்புக்கு அனுப்பும் எண் 0 முதல் 16383 வரை, நடு 8192. விட்டவுடன் அந்த நடுவுக்கே வந்து நிற்க வேண்டும். என் பழைய கன்ட்ரோலரில் ஸ்பிரிங் தளர்ந்து, சக்கரம் ஒரு மயிரிழை கீழே நின்றுகொள்ளும். தம்புரா ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். வாங்கும் முன் விரலால் பத்துத் தடவை சுண்டி விட்டுப் பாருங்கள். சக்கரத்துக்குப் பதிலாகத் தொடுபட்டை வைத்தவற்றை நான் தொடுவதில்லை. சித்திரை வெயில் இறங்காத சேலத்து மேடையில் வியர்த்த விரல் அதில் எங்கே நிற்கும்?

தறி நின்றுவிட்டது, கவனித்தீர்களா? மின்சாரம் போய்விட்டது. ஆனால் கன்ட்ரோலரில் விளக்கு எரிகிறது. லேப்டாப் பேட்டரியிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. போன் அல்லது டேப்லெட்டில் மாட்டுவதாக இருந்தால் மட்டும் அது போதிய மின்சாரம் தருகிறதா என்று முன்கூட்டியே பார்த்துவிடுங்கள்.

அடுத்து, சுருதியை ஏற்றி இறக்கும் டிரான்ஸ்போஸ் பட்டன். ஒத்திகையில் இரண்டரைக் கட்டையில் பாடியவர், தொண்டை கட்டிக்கொண்டு மேடையில் 'இரண்டுக்கு இறக்கு' என்பார். ஒரே அழுத்தில் இறங்க வேண்டும். பல சிறிய மாடல்களில் ஷிப்டைப் பிடித்துக்கொண்டு வேறொரு பட்டனைத் தேட வேண்டியிருக்கும். எந்தக் கட்டை சொன்னாலும் அப்படியே வாசிப்பவர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கு என் வணக்கம். நான் அந்த ரகம் இல்லை.

அளவு? ஏற்காட்டில் ஒரு கல்யாண வரவேற்புக்கு 88 கீ உள்ளதைக் கொண்டுபோனேன். ஒரு வெள்ளை கீ சுமார் 23.5 மில்லிமீட்டர், 88-இல் வெள்ளை மட்டும் 52. கீகளே 122 சென்டிமீட்டர், பெட்டி அதற்கும் மேல். 20 கொண்டை ஊசி வளைவிலும் அது காருக்குள் என் தோளில் சாய்ந்துகொண்டே வந்தது. 61 என்றால் 85 சென்டிமீட்டர்தான். இடது கைக்கு வயலின் கூட்டம், வலது கைக்குப் புல்லாங்குழல் என்று பிரித்து வாசிக்க அது தாராளம். பதினாறு பேட், எட்டுத் திருகு என்று ஆசை காட்டுவார்கள். மூன்று வருடத்தில் நான் தொட்டது ஒரு திருகு.

ஒலி தாமதமாக வந்தால் உடனே கன்ட்ரோலரைத் திட்டாதீர்கள். லேப்டாப்பில் பஃபர் என்று ஓர் அமைப்பு இருக்கும்: ஒலியை எத்தனை சாம்பிளாகச் சேர்த்துவைத்து அனுப்புவது என்ற அளவு. நொடிக்கு 44,100 சாம்பிள் வேகத்தில் பஃபர் 512 என்றால் அதுவே 11.6 மில்லிசெகண்ட் தாமதம், 128-க்குக் குறைத்தால் 2.9.

ஒலியை இழுத்துப் பிடிக்கும் கால் பெடலைச் சொல்ல மறந்தேவிட்டேன். பல கீபோர்டுகள் இயங்கத் தொடங்கும் நொடியில், பெடல் அப்போது இருக்கும் நிலையையே 'மிதிக்காத நிலை' என்று எடுத்துக்கொள்ளும். அந்த நேரம் கால் அதன்மேல் இருந்தால் எல்லாம் தலைகீழ்: மிதித்தால் ஒலி நிற்கும், விட்டால் இழுக்கும். பதறாமல் அணைத்து, காலை எடுத்துவிட்டு மறுபடி போடுங்கள்.