கான்டெஸாவுக்கு 134ஏ: கேஸ் அடிக்கது கடைசி வேலை

வணக்கம் மக்களே. பானட்டைத் திறந்து வச்சுட்டு நிக்கேன். ஒரு கையில டார்ச் இருக்கு, கேமரா ஆடுச்சுன்னா கோவிச்சுக்கிடாதீங்க. இது கான்டெஸா கிளாசிக் கார், ஏசி ஆர்-12-ன்னு சொல்லுத பழைய கூலிங் கேஸ் காலத்துது. அதை 134ஏ-ன்னு சொல்லுத கேஸுக்கு மாத்துததுதான் இன்னைக்கு வேலை. உள்ள இருந்த கேஸ் எப்பவோ லீக் ஆகிப் போயாச்சு. உங்க வண்டியில மிச்சம் இருந்துதுன்னா வெளிய தொறந்து விடாதீங்க, மெஷின் வச்சிருக்க ஆளுகிட்ட கொடுத்து உறிஞ்சி எடுக்கச் சொல்லுங்க.

போன வீடியோவுக்கு வந்த கேள்வியில பாதி இதுதான்: “அண்ணே, 134ஏ அடிச்சு விட்டாப் போதும்லா?” போதாது. கேஸ் அடிக்கது கடைசி வேலையாக்கும்.

ஆர்-12 ஓசோனை ஓட்டை போடுதுன்னு 1987-ல மான்ட்ரியல்ல ஒப்பந்தம் போட்டாங்க, நம்ம நாட்டுல 2010-ஓட கதை முடிஞ்சுது. இன்னைக்கு யாராவது ஒரு சிலிண்டரைக் காட்டி ‘ஒரிஜினல் ஆர்-12’ன்னு சொன்னா, உள்ள என்ன இருக்குன்னு ஆண்டவனுக்குத்தான் வெளிச்சம். சில பேரு சமையல் கேஸ் ஜாதியில உள்ளதையும் அடிச்சு விடுதாங்க. கூலிங் வரும், இல்லைங்கல. ஆனா கூலிங் காயில் இருக்கது டேஷ்போர்டுக்குள்ள. அங்கன லீக் ஆனா நாம உக்காந்திருக்க இடத்துலதான் நிரம்பும். அந்தப் பக்கமே போகாதீங்க.

சரி, விஷயத்துக்கு வருவோம். முதல் எதிரி ஆயில். ஆர்-12-ல ஓடுனது மினரல் ஆயில். 134ஏ-கூட அது கலக்கவே கலக்காது. கலக்கலன்னா கேஸ்கூடச் சேர்ந்து, கேஸை அழுத்தி ஓட்டுத கம்ப்ரசருக்குத் திரும்பி வராது, காயில்லயே தங்கிக்கிடும். கம்ப்ரசர் எண்ணெய் இல்லாம ஓடி ஒருநாள் ஜாம் ஆயிடும். கேஸ் அடிச்ச அன்னைக்கு ஜில்லுன்னு இருக்கும், பழி பிறகு ‘134ஏ சரியில்ல’ன்னு கேஸ் மேல விழும்.

இந்தா, இங்க பாருங்க. கம்ப்ரசரைக் கழத்தித் தலைகீழாக் கவுத்து, முன்னாடி உள்ள கிளச்சைக் கையால சுத்தச் சுத்த வடிஞ்ச ஆயில் இது. நிறம் டீத்தண்ணி மாதிரி இருக்கு. ரெண்டு விரலுக்கு நடுவுல தேய்ச்சுப் பாக்கேன்... நறநறன்னு எதுவும் இல்ல. இரும்புத் தூள் மினுங்குச்சுன்னா பழைய கம்ப்ரசரை மறந்துருங்க. இது தப்பிச்சுது. பைப்பு, கூலிங் காயில் எல்லாத்தையும் ஃப்ளஷ் அடிச்சு, பழைய ஆயிலைக் கழுவி எடுத்தாச்சு. காயிலுக்குள்ள கேஸை அளந்து விடுத எக்ஸ்பான்ஷன் வால்வைக் கழத்தி வச்சுட்டுத்தான் அடிக்கணும். ஆனா கம்ப்ரசருக்குள்ள ஃப்ளஷ் விடவே விடாதீங்க.

புது ஆயில் எஸ்டர். புது வண்டியில பிஏஜி ஆயில்தான் வருது, ஆனா பழைய சிஸ்டத்துல ஒட்டிக்கிட்டு இருக்க ஆர்-12 மிச்சத்துல குளோரின் உண்டு, அதுக்கும் பிஏஜிக்கும் ஆகாது. எஸ்டர் கொஞ்சம் பொறுத்துப் போகும்.

ஓ-ரிங் எல்லாம் மாத்தியாச்சு. பழசு ஒண்ணை வளைச்சேன், பிஸ்கட் கணக்கா ஒடிஞ்சு போச்சு. இப்ப போட்டிருக்கது எச்என்பிஆர் ரப்பர், பச்சை நிறத்துல வரும். ஹோஸும் புதுசு. 134ஏ மூலக்கூறு ஆர்-12-ஐ விடச் சின்னது, பழைய ரப்பர் வழியா மெதுவாக் கசிஞ்சிரும்.

அடுத்தது கண்டன்சர். நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துக்காரங்க இதை நல்லாக் கேளுங்க. 60 டிகிரி சூட்டுல ஆர்-12 காட்டுத அழுத்தம் 205 பிஎஸ்ஐ பக்கம்னா, 134ஏ 230-ஐ எட்டும். அப்ப சூட்டை வெளிய தள்ளுத கண்டன்சர் திடமா இருக்கணும்லா? குளச்சல், முட்டம், மணக்குடின்னு கடலை ஒட்டி ஓடுன வண்டியில கீழ் வரிசை ஃபின்னைத் தொட்டுப் பாருங்க, உப்புக் காத்து தின்னு கையோட உதிர்ந்து வரும். அதனால பழசைத் தூக்கிப் போட்டுட்டு, தட்டைக் குழாய் உள்ள பேரலல் ஃப்ளோ கண்டன்சர் வச்சேன். முன்னாடி கூடுதலா ஒரு ஃபேன். அழுத்தம் எல்லை தாண்டுனா கிளச்சைக் கட் பண்ண ஒரு சுவிட்ச். பணம் போனது பெரும்பாலும் இங்கனதான். எனக்கு வருத்தமே இல்ல.

சிஸ்டத்துக்குள்ள உள்ள ஈரத்தை உறிஞ்சுத டிரையரை எல்லாத்துக்கும் கடைசியாத்தான் மாட்டணும். 134ஏ-க்கு உள்ள டிரையர்னு கேட்டு வாங்குங்க. நமக்கு ஆனி-ஆடியிலயும் மழை, ஐப்பசி-கார்த்திகையிலயும் மழை. மூடியைத் தொறந்து வச்சுட்டு டீ குடிக்கப் போனீங்கன்னா, காத்துல உள்ள ஈரத்தையெல்லாம் அதுவே குடிச்சிரும். பிறகு உள்ள வேலை செய்ய அதுக்கு என்ன மிச்சம் இருக்கும்?

உள்ள இருக்க காத்தையும் ஈரத்தையும் உறிஞ்சி எடுக்க வேக்கம் பம்ப் போட்டாச்சு. பத்து நிமிசம் ஓட்டிட்டு எடுக்கதுக்குப் பேரு வேக்கம் இல்ல. 30 டிகிரி சூட்டுல உள்ள இருக்க தண்ணி கொதிச்சு ஆவியாகணும்னா வேக்கம் கேஜ் 28.7 இஞ்சை (பாதரசக் கணக்குல) தாண்டணும். கடல்மட்டத்துல இருக்கதால நம்ம ஊர்ல முள்ளு 29-க்கு மேல தாராளமாப் போகும். முக்கால் மணி நேரம் ஓட விட்டு, வால்வை அடைச்சு, முள்ளு எறங்குதான்னு பாருங்க. எறங்குனா லீக். லீக்கை வச்சுக்கிட்டு கேஸ் அடிச்சா காசைக் காத்துல விடுத கதைதான்.

எம்புட்டு அடிக்கணும்? பழைய அளவுல 80-லேருந்து 90 சதவீதம். ஸ்டிக்கர்ல 1 கிலோன்னு இருந்தா 800 கிராம்ல தொடங்கி, கேஜைப் பாத்துப் பாத்து ஏத்துங்க. சிலிண்டர் தராசு மேலயே நிக்கட்டும். பழைய ஆளுங்க உள்ள ஓடுத கேஸைப் பாக்க வச்சிருக்க சைட் கிளாஸ்ல குமிழி மறையுத வரைக்கும் அடிப்பாங்க, அந்தப் பழக்கம் இங்க ஒத்துவராது. 134ஏ-ல குமிழி மறைஞ்சு தெளியும்போது பெரும்பாலும் கேஸ் கூடிப் போயிருக்கும்.

ஓட்டிப் பாத்தாச்சு. ஆரல்வாய்மொழி ரோட்டுல காத்து வாக்குல ஓடும்போது நடு வென்ட்ல தெர்மாமீட்டர் 8 டிகிரி காட்டுது. வடசேரி பஸ் ஸ்டாண்ட் முன்னாடி நெருக்கடியில நின்னா 13, 14-க்கு ஏறிடுது. ஆர்-12 ஓடுன காலத்துல நின்ன இடத்துலயும் இதைவிட நல்லாருந்துச்சுன்னு அப்பா சொல்லுதாரு. இருக்கலாம், நான் மறுக்கல. 134ஏ-வும் ஒண்ணும் புனிதம் இல்ல பாத்துக்கிடுங்க. ஓசோனைத் தொடாது, ஆனா பூமியைச் சூடாக்குததுல கார்பன் டை ஆக்சைடைவிட ஆயிரம் மடங்குக்கும் மேல.

கடைசி வேலை, மறந்துராதீங்க: ரெண்டு சர்வீஸ் வாய்லயும் 134ஏ அடாப்டரை முறுக்கி விட்டு, பானட்டுக்குள்ள தெளிவா ஸ்டிக்கர் ஒட்டிருங்க. கேஸ் 134ஏ, ஆயில் எஸ்டர், அளவு இத்தனை கிராம், தேதி. பழைய வண்டின்னு நெனச்சு அடுத்த மெக்கானிக் மினரல் ஆயிலை ஊத்திட்டாருன்னா இம்புட்டுப் பாடும் வீணாப் போகும். ஹோஸ் அளவு கேட்டவங்களுக்குக் கமெண்ட்ல போடுதேன். வரட்டா மக்களே.