நாற்பத்தொன்று தோற்றது, நாற்பது ஜெயித்தது
(தருமபுரியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவையோருக்கு வணக்கம்.

1967 பிப்ரவரியில் சட்டமன்றத் தேர்தல் வந்தபோது நம் மாவட்டத்துக்கு ஒன்றரை வயதுகூட ஆகவில்லை. 1965 அக்டோபர் 2-இல்தான் சேலத்திலிருந்து பிரிந்தது. குடியரசுக்கே வயது பதினேழு.

காங்கிரஸ் ஏன் தோற்றது? அரிசித் தட்டுப்பாடு, 1965 இந்தி எதிர்ப்பு என்று பதில் வரும். தப்பில்லை. ஆனால் கணக்கைப் பாருங்கள். காங்கிரஸுக்கு 41 சதவீதம், திமுகவுக்கு 40-க்குச் சற்று மேல். தோற்ற கட்சிக்குத்தான் ஓட்டு கூடுதல்! 1962-இல் 46 சதவீதம் வாங்கி 206-இல் 139 இடம் பிடித்தவர்கள், ஐந்து சதவீதம் குறைந்ததும் 234-இல் ஐம்பது சொச்சத்துக்கு வந்துவிட்டார்கள்.

ஒரு தொகுதியில் 100 ஓட்டு என்று வையுங்கள். ஆளுங்கட்சிக்கு 45. எதிரே மூன்று பேர் 30, 15, 10 என்று பிரித்துக்கொண்டால் 45 ஜெயிக்கும். மூவரும் பேசி ஒருவரை நிறுத்தினால் 55. நிஜத்தில் அத்தனையும் வந்து சேராது, ஏழெட்டு சிந்தும். சிந்தினாலும் 47 மிச்சம். ஓட்டுப் போட்டவர் மனம் மாறாமலே ஆட்சி மாறும்.

1967-இல் திமுகவும் மற்ற எதிர்க்கட்சிகளும் இப்படித்தான் கூட்டணி சேர்ந்தன. அந்தக் கூட்டணிக்கு முக்கியக் காரணகர்த்தா ஓசூர் பக்கம் தொரப்பள்ளியில் பிறந்த ராஜாஜி. தடையற்ற சந்தை வேண்டும் என்ற அவருடைய சுதந்திராக் கட்சியும், பொதுவுடைமை பேசிய மார்க்சிஸ்டுகளும் ஒரே அணியில்! கொள்கையில் எண்ணெயும் தண்ணீரும்தான். திமுக 174 இடத்தில் மட்டும் நின்று மீதியை விட்டுக்கொடுத்தது. எதிர்க்கட்சிகளுக்கு மிகவும் கஷ்டமான வேலை இதுதான்.

சரி, திமுக ஆட்சிக்கு வந்தபின்? அரிசி 'ரூபாய்க்கு மூன்று படி லட்சியம், ஒரு படி நிச்சயம்' என்று தேர்தலில் சொல்லியிருந்தார்கள். ஒரு படிதான் வந்தது, அதுவும் சென்னையிலும் கோவையிலும். கொள்முதல் விலைக்கும் விற்பனை விலைக்கும் நடுவில் உள்ள பள்ளத்தைக் கஜானாதான் நிரப்ப வேண்டும். பெரிய செலவு இல்லாதவை சீக்கிரம் நடந்தன: சுயமரியாதைத் திருமணத்துக்குச் சட்ட ஏற்பு, 1968 ஜனவரியில் இருமொழிக் கொள்கை.

இங்கே தனிப் பெரும்பான்மை இருந்ததால் ஆட்சி ஆடவில்லை. அரியானாவில் ஆடியது. கயா லால் என்ற உறுப்பினர் இரண்டு வாரத்தில் மூன்று முறை கட்சி மாறினார். 1967 நவம்பரில் அங்கே குடியரசுத் தலைவர் ஆட்சியே வந்துவிட்டது. கட்சித் தாவல் தடைச் சட்டம் வர 1985 ஆயிற்று. அதிலும், மூன்றில் ஒரு பங்கினர் சேர்ந்து பிரிந்தால் பதவி போகாது என்றொரு ஓட்டை. அதை 2003-இல்தான் அடைத்தார்கள். மூன்றில் இரண்டு பங்கினர் சேர்ந்து போனால்? அதற்குப் பெயர் 'இணைப்பு'. இன்றும் செல்லும்.