ஊர் பெயர் இல்லாத கல்

(சேலத்தில் நூலக வாசகர் வட்டக் கூட்டம் ஒன்றில் பேசியது. எழுத்துக்காகச் சற்றே ஒழுங்குபடுத்தியிருக்கிறேன்.)

எல்லோருக்கும் மாலை வணக்கம். பேச ஆரம்பிக்கும் முன் இரண்டு கற்களைச் சுற்றுக்கு விடுகிறேன். இரண்டும் வெள்ளை. இரண்டும் எலுமிச்சம்பழ அளவு. ஆளுக்கு அரை நிமிடம் போதும், ஒன்றை இந்தக் கையிலும் மற்றதை அந்தக் கையிலும் வைத்துப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் கொடுத்துவிடுங்கள்.

முன்வரிசையில் இருக்கும் அம்மாவின் ஒரு கை சட்டென்று கீழே இறங்கியதைப் பார்த்தீர்களா? அந்தக் கையில் இருப்பது பேரைட். ஆந்திராவில் கடப்பைப் பக்கத்திலிருந்து வந்தது. இன்னொன்று நம் காட்டில் எங்கும் கிடக்கிற வெங்கச்சங்கல், அதாவது குவார்ட்ஸ். ஒரே அளவு தண்ணீரோடு ஒப்பிட்டால் குவார்ட்ஸ் 2.65 மடங்கு கனம், பேரைட் சுமார் 4.5 மடங்கு. பேரியம் என்ற கனமான உலோகம் உள்ளே இருப்பதால் வரும் கனம் அது. எண்ணெய்க் கிணறு தோண்டும்போது உள்ளே விடுகிற சேற்றுக் குழம்பில் எடைக்காக இதைத்தான் பொடித்துக் கலக்கிறார்கள். கண்ணுக்குத் தெரியாத வித்தியாசத்தைக் கை சொல்லிவிட்டது. கனிமம் சேர்ப்பதில் எனக்குக் கிடைத்த முதல் சந்தோஷம் இதுதான். முப்பது வருடம் ஆகியும் அது குறையவில்லை.

நான் புவியியல் படித்தவன் இல்லை. வங்கியில் வேலை பார்த்தவன். ஆனால் பிறந்தது இங்கே சேலம் மாமாங்கம் பக்கத்தில். அங்கே வெள்ளைக்கல் என்றால் மேக்னசைட். கரும்பச்சைப் பாறையில் நரம்பு நரம்பாக ஓடும். வெள்ளைக்காரர்கள் அந்த மேட்டைச் சுண்ணாம்புக் குன்று என்று நினைத்து ‘சாக் ஹில்ஸ்’ என்று பெயர் வைத்தார்கள். அது சுண்ணாம்பு இல்லை. இரும்பு உருக்கும் உலையின் உட்புறச் செங்கல்லுக்குப் போகிற மக்னீசியச் சரக்கு. சுண்ணாம்புக்கல்லில் இருக்கும் கால்சைட் மேல் எலுமிச்சைச் சாறு விட்டுப் பாருங்கள், பொடிப்பொடியாகக் குமிழ் வரும். மேக்னசைட்டில் விட்டால் சும்மா இருக்கும். இந்த ஒரு சோதனையை ஒரு பெரியவர் எனக்குக் காட்டினார். அன்று வீட்டுக்குப் போகும்போது சட்டைப்பையில் நாலு கல் இருந்தது. ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு வைத்தேன். அப்படித்தான் ஆரம்பித்தது.

அந்தப் பெரியவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சுரங்கத்தில் மேஸ்திரியாக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டுத் திண்ணையிலிருந்து மொட்டைமாடி வரை கற்கள். எந்தக் கல்லை எடுத்தாலும் எந்த ஊர், எந்தக் குழி, எந்த வருடம், கூட யார் இருந்தார்கள் என்று சொல்வார். எல்லாம் மனத்துக்குள். ஒரு சீட்டு கிடையாது. அவர் இறந்து இரண்டு வருடம் கழித்து நான் போனபோது, வீட்டைக் கட்டி விரிவாக்கியிருந்தார்கள். கற்களெல்லாம் தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே நிரவலுக்குப் போயிருந்தன. வீட்டாரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவர்களுக்கு அது கல்தானே? எடுத்துக் கொடுத்திருந்தாலும் நான் மட்டும் என்ன செய்திருப்பேன்? ஐம்பது கற்களுக்குப் பெயர் கண்டுபிடித்திருக்கலாம். ஒன்றுக்குக்கூட ஊர் கண்டுபிடித்திருக்க முடியாது.

நான் இன்றைக்குச் சொல்ல வந்ததே இதுதான். ஒரு கல்லுக்குப் பெயர் தப்பாக எழுதியிருந்தால் பத்து வருடம் கழித்து விஷயம் தெரிந்த ஒருவர் வந்து திருத்துவார். ஊர் பெயர் போய்விட்டால் எந்தப் பேராசிரியராலும் திருப்பிக் கொடுக்க முடியாது. என்னிடமே ஒன்று இருக்கிறது. ‘ஊட்டி டூர்’ என்று மட்டும் எழுதி வைத்திருந்தேன். அழகான கார்னெட், சிவப்பாக, பன்னிரண்டு பட்டை. வழியில் எங்கே வண்டியை நிறுத்தினோம்? மேட்டுப்பாளையத்திலா, பர்லியாறிலா, குன்னூர் தாண்டியா? கூட வந்த யாருக்கும் நினைவில்லை.

பெயர் கண்டுபிடிக்கிற வேலையை ரொம்பப் பெரிதாக நினைத்துப் பயந்துவிடாதீர்கள். 1812-ல் ஃபிரீட்ரிஷ் மோஸ் என்ற ஜெர்மானியர் கடினத்துக்கு ஒன்று முதல் பத்து வரை வரிசை போட்டுக் கொடுத்துவிட்டார். எது எதைக் கீறுகிறது என்பதுதான் கணக்கு. ஒன்றாம் இடம் டால்க். நம் ஊர் மாக்கல்லில் முக்கியமாக இருப்பது அதுதான், அதனால்தான் பழக்காத புதுக் கல்சட்டியில் நகம் பட்டால் கோடு விழுகிறது. இரண்டாவது ஜிப்சம், நாட்டு மருந்துக் கடையில் கற்பூரசிலாசத்து என்று கேட்டால் கொடுப்பார்கள். அதையும் நகம் கீறும். மூன்றாவது கால்சைட், நகத்துக்கு மசியாது, கத்திக்கு மசியும். ஏழாவது குவார்ட்ஸ், அது கண்ணாடியையே கீறும். ஒன்பது குருந்தம், பத்து வைரம். அப்புறம் ஒரு காந்தம், பத்து மடங்கு பெரிதாக்குகிற லென்ஸ், பளபளப்பு இல்லாத ஒரு பீங்கான் ஓட்டுத் துண்டு. ஓட்டில் கல்லைத் தேய்த்தால் விழுகிற தூளின் நிறம் பல சமயம் கல்லின் நிறத்தைவிட உண்மையைச் சொல்லும். ஹேமடைட் என்ற இரும்புத் தாது கறுப்பாகப் பளபளக்கும், தேய்த்தால் ரத்தச் சிவப்புக் கோடு போடும். கஞ்சமலை அடிவாரத்து ஓடை மணலில் காந்தத்தை இழுத்துப் பார்க்காத பிள்ளைகள் இந்த ஊரில் இருந்தால் இந்த ஞாயிற்றுக்கிழமையே கூட்டிக்கொண்டு போங்கள். காந்தத்தில் ஒட்டுகிற மேக்னடைட் என்ற இரும்புத் தாது கறுப்பு மீசை மாதிரி ஒட்டிக்கொண்டு வரும்.

சரி, இப்போது சீட்டுக்கு வருகிறேன்.

லண்டனில் ஜான் உட்வர்ட் என்று ஒரு மருத்துவர் இருந்தார். வாழ்நாளெல்லாம் கற்களும் புதைபடிவங்களும் சேர்த்தார். ஒவ்வொன்றுக்கும் எண் போட்டு, எங்கே கிடைத்தது, யார் கொடுத்தார்கள் என்று பட்டியல் எழுதினார். 1728-ல் அவர் இறந்த பிறகு அந்த அலமாரிகள் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்துக்குப் போய்ச் சேர்ந்தன. இன்றும் அங்கே அதே மர அலமாரிகளில் இருக்கின்றன. அந்தப் பட்டியலில் நம் பக்கத்திலிருந்து, சென்னைக் கோட்டை வழியாகப் போன கல்லும் இருக்கிறது. பெயர் ‘கொரிவிண்டம்’. காதில் விழுந்ததை அப்படியே எழுதியிருக்கிறார். ஒரு ரகத்துக்கு ‘தெல்ல’ (வெள்ளை) என்று தெலுங்குச் சொல்லையும் சேர்த்திருக்கிறார். மற்றொரு ரகத்தைப் பற்றிய குறிப்புதான் என்னை உட்கார வைத்துவிட்டது. நெல் விளைகிற வயலில் கிடைக்கிறது, வயல் எலிகள் வெளியே தள்ளிவிடுகின்றன, இரும்பை மெருகேற்றப் பயன்படுகிறது என்று எழுதியிருக்கிறார். யோசித்துப் பாருங்கள். எலி வளை தோண்டி வெளியே தள்ளிய கல், கடல் தாண்டிப் போய், தன் ஊர்ப் பேச்சோடும் வயலோடும் எலியோடும் சேர்ந்து முந்நூறு வருடமாகப் பத்திரமாக இருக்கிறது. காரணம் ஒரு சீட்டு.

அந்த ‘கொரிவிண்டம்’ வேறொன்றும் இல்லை, குருந்தம். 1798-ல் சார்லஸ் கிரெவில் என்ற இன்னொரு சேகரிப்பாளர் இதைப் பற்றி ராயல் சொசைட்டியில் கட்டுரை எழுதினார். அவர் இறந்த பிறகு, 1810-ல், அவருடைய சேகரிப்பைப் பிரிட்டிஷ் அருங்காட்சியகம் விலைக்கு வாங்கியது. இன்று உலகம் முழுக்கப் பாடப்புத்தகத்தில் ‘கொரண்டம்’ என்று இருக்கிறது. மாணிக்கமும் நீலமும் அந்தக் குடும்பம்தான். சொல் நம் பக்கத்து வயலிலிருந்து போனது.

இதை ஏன் இவ்வளவு நேரம் சொல்கிறேன் என்றால், மூன்று வருடத்துக்கு முன்பு பரமத்தி வேலூர்ப் பக்கம் ஒரு அரசுப் பள்ளிக்கு என் பெட்டியை எடுத்துக்கொண்டு போனேன். நான் எப்போதும் இரண்டு தொகுதி வைத்திருப்பேன். ஒன்று பார்க்க மட்டும், மற்றது பிள்ளைகள் தொட, கீற, முகர, கீழே போட. பிள்ளைகள் கைக்குப் போகாத கல்லால் பெரிய பிரயோசனம் இல்லை என்பது என் கட்சி. கூட்டம் முடிந்ததும் ஏழாவது படிக்கிற ஒரு பெண் ஓடிப்போய் வீட்டிலிருந்து ஒரு கல்லைக் கொண்டுவந்தாள். மங்கிய சிவப்பு, நடுவில் பருத்து இரண்டு முனையும் ஒடுங்கிய பீப்பாய் வடிவம், ஆறு பக்கம். கையில் வாங்கியதுமே கனம் தெரிந்தது. என் குவார்ட்ஸில் வைத்து இழுத்தேன். ஆழமாகக் கோடு விழுந்தது. “இதுக்கு என்ன பேரு பாப்பா?” என்றேன். “குருந்தக்கல்லுங்க ஐயா, எங்க தாத்தா சாணை பிடிக்கிறவரு” என்றாள். இந்தக் கல்லைப் பொடித்து அரக்கோடு சேர்த்துச் சாணைச் சக்கரம் செய்வது பழைய தொழில். அந்தப் பிள்ளைக்குப் புத்தகம் எதுவும் சொல்லித்தரத் தேவையே இருக்கவில்லை.

பக்கத்தில்தான் சித்தம்பூண்டி. அங்கே கிடைக்கிற அனார்த்தொசைட் என்ற வெளிறிய பாறை நிலவின் மேட்டுப்பகுதிப் பாறைக்கு ஒத்தது. சந்திரயான்-2 தரையிறங்கும் சோதனைக்காக இஸ்ரோ செயற்கை நிலவு மண் செய்தபோது அந்தப் பாறையைத்தான் பொடித்தார்கள். அந்தப் பெண்ணிடம் இதைச் சொன்னேன். பெரிய ஆச்சரியமெல்லாம் காட்டவில்லை. “இந்தக் கல்லை நீங்க வச்சுக்கங்க” என்றாள். நான் வாங்கவில்லை. அவளையே ஒரு சீட்டு எழுதச் சொன்னேன். குருந்தக்கல், எங்கள் கிணற்று மேட்டில் கிடைத்தது, ஊர், தேதி, கண்டெடுத்தவர் பெயர். அதை அந்தப் பள்ளி அறிவியல் அலமாரியில் வைத்தோம். பதிலுக்கு நாசிக்கிலிருந்து வந்த ஸ்டில்பைட் என்ற படிகக் கல் ஒன்றை அவளுக்குக் கொடுத்தேன்.

நாசிக்கிலிருந்து எப்படி வந்தது என்று கேட்பீர்கள். மாற்றிக்கொள்வதுதான். நம்மிடம் வெள்ளைக்கல் கொட்டிக் கிடக்கிறது, மகாராஷ்டிரத்துக்காரருக்கு அது அபூர்வம். அவர்களிடம் சியோலைட் கொட்டிக் கிடக்கிறது. சுமார் 6.6 கோடி வருடத்துக்கு முன்பு தக்காணத்தில் எரிமலைக் குழம்பு ஓடி உறைந்தபோது காற்றுக் குமிழிகள் குகை மாதிரி உள்ளே தங்கிவிட்டன. பிறகு வெந்நீர் ஊறி ஊறி அந்தக் குழிகளில் படிகம் வளர்ந்தது. இளஞ்சிவப்பு ஸ்டில்பைட், கண்ணாடி மாதிரி அபோஃபிலைட், ஊசி ஊசியாக ஸ்கோலிசைட். புனேக்குப் பக்கத்தில் வாகோலியில் நீல நிறக் கேவன்சைட். நாசிக்குக்கு அருகே சின்னாரில் இதற்கென்றே கார்கோட்டி அருங்காட்சியகம் இருக்கிறது, அஜந்தா, எல்லோரா போகிறவர்கள் ஒரு நாள் சேர்த்துப் போட்டுக்கொள்ளுங்கள். குகைவாசலில் விற்கிற கத்திரிப்பூ நிறக் கல்லை மட்டும் யோசித்து வாங்குங்கள். சாயம் ஏற்றியது நிறைய உண்டு, விரிசலுக்குள் நிறம் திட்டாகத் தேங்கியிருப்பதை வைத்துக் கண்டுபிடிக்கலாம்.

அனுப்பும்போது ஒரு விஷயம். ஊசிப் படிகத்தைப் பஞ்சில் சுற்றாதீர்கள். நான் சுற்றி அனுப்பி, பிரித்தவர் ஒவ்வொரு நாராக எடுக்கும்போது பாதி ஊசி போய்விட்டது. டப்பாவின் அடியில் கல்லின் அடிப்பாகம் மட்டும் பதிகிற மாதிரி வைத்து, மேலே எதுவும் தொடாமல் விட வேண்டும்.

வீட்டில் வைத்துக்கொள்ளப் பெரிய அலமாரி வேண்டாம். முட்டை அட்டை, ஸ்வீட் டப்பா, தீப்பெட்டி போதும். கல்லின் அடியில் வெள்ளைத் திருத்த மையால் ஒரு பொட்டு, அதன் மேல் கறுப்பு மையில் எண், காய்ந்ததும் நகப்பூச்சு. அந்த எண் நோட்டில் இருக்க வேண்டும். நோட்டு இரண்டு பிரதி, ஒன்று வேறு யார் வீட்டிலாவது. கைபேசியில் இடக் குறியீடு வந்துவிடுகிறது, அதையும் எழுதுங்கள். செவ்வந்திக்கல்லும் ஃபுளோரைட்டும் வெயிலில் வெளுக்கும், ஜன்னலோரம் வேண்டாம். பைரைட் ஈரம் பட்டால் மெல்ல அமிலமாகக் கசிந்து கல்லும் கெட்டு, சீட்டையும் அரித்துவிடும். செருப்புப் பெட்டியில் வருகிற ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தைத் தூக்கிப் போடாமல் அதோடு வையுங்கள். கலீனாவில் ஈயம் இருக்கிறது, தொட்டால் கை கழுவுங்கள். நார்நாராகப் பிரிகிற கல்லை ஊதவோ சுரண்டவோ கூடாது.

எங்கே எடுப்பது? கிணறு வெட்டிய மேடு, சாலை ஜல்லிக் குவியல், கேட்டுக்கொண்டு போன குவாரி. கேட்காமல் எந்தக் குவாரிக்குள்ளும் போகாதீர்கள், வெட்டிய சுவருக்குக் கீழே நிற்காதீர்கள். திருவக்கரையில் கல்லாகிப்போன பழங்கால மரத்திலிருந்து ஒரு சிம்பைக்கூட எடுக்கக் கூடாது. சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும், இருக்கிற இடத்திலேயே இருந்தால்தான் அது எல்லோருக்கும் சொந்தம்.

‘இதெல்லாம் என்ன விலை போகும்’ என்று எங்கே போனாலும் ஒருவர் கேட்கிறார். என்னிடம் இருப்பதில் முக்கால்வாசிக்குச் சந்தை விலையே கிடையாது. ஆனால் சென்னை எழும்பூர் அருங்காட்சியகம் 1851-ல் எதில் ஆரம்பித்தது தெரியுமா? மெட்ராஸ் லிட்டரரி சொசைட்டி கொடுத்த சுமார் 1,100 கனிம, பாறை மாதிரிகளில். சிலைகளும் செப்புத் திருமேனிகளும் பிறகு வந்தவை. யாரோ சேர்த்து, யாரோ சீட்டு எழுதி, கொடுத்திருக்கிறார்கள்.

நேரமாகிவிட்டது. சுற்றுக்கு விட்ட இரண்டு கற்களும் கடைசி வரிசைக்குப் போய்விட்டன போலிருக்கிறது, தம்பி அப்படியே கொண்டுவந்துவிடுங்கள். வெளியே தண்ணீர்க் கேன் பக்கத்து மேசையில் எண்பது சிறு பொட்டலங்கள் வைத்திருக்கிறேன். எல்லாம் மாமாங்கம் வெள்ளைக்கல்தான், ஆளுக்கு ஒன்று. உள்ளே ஒரு சீட்டு இருக்கும். கல் பெயர், எடுத்த இடம், எடுத்த தேதி மூன்றையும் நானே எழுதியிருக்கிறேன். நாலாவது வரியைக் காலியாக விட்டிருக்கிறேன். அதில் உங்கள் பெயரையும் இன்றைய தேதியையும் எழுதிக்கொள்ளுங்கள். பேனா மேசையிலேயே இருக்கிறது.