அந்த இரண்டரை மணி நேரம்

(சென்னையில் ஹாம் ரேடியோ நண்பர்களின் டிசம்பர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

வணக்கம். டிசம்பர் 26 வந்தாலே நம்மைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்வார்கள். சுனாமியில் போன் செத்துப்போன இடத்தில் ஹாம் ரேடியோக்காரர்கள், அதாவது உரிமம் வாங்கிப் பொழுதுபோக்காக ரேடியோவில் பேசிக்கொள்ளும் நம்மைப் போன்றவர்கள், பேசினார்கள் என்பார்கள். உண்மைதான், பெருமைதான். ஆனால் அந்தப் பெருமைக்கு முன்னால் ஓர் இரண்டரை மணி நேரம் இருக்கிறது. இன்றைக்கு அதைச் சொல்லாமல் என்னால் உட்கார முடியாது.

2004 டிசம்பரில் நமக்கெல்லாம் ஒரே நினைப்பு, அந்தமான். பல வருடங்களாக அங்கிருந்து ஒலிபரப்ப யாருக்கும் அனுமதி கிடைக்கவில்லை. ஹைதராபாத்தின் தேசிய அமெச்சூர் வானொலி நிறுவனத்தைச் சேர்ந்த பாரதி பிரசாத் அனுமதி வாங்கிக்கொண்டு, சிறு குழுவோடு போர்ட் பிளேர் போயிருந்தார். அந்தமான் நிலையங்களின் அழைப்புக்குறி VU4 என்று தொடங்கும். ‘விக்டர் யூனிஃபார்ம் ஃபோர்’ என்று அது காதில் விழுந்தால் போதும், அந்த அரிய இடத்தோடு பேச உலகமே முண்டியடித்தது. நானும் ராத்தூக்கம் கெட்டு உட்கார்ந்திருந்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை 6.29. சுமத்ரா பக்கத்தில் கடலடியில் பூமி பிளந்தது. 9-க்கும் மேலான அளவு. பாரதி அப்போது ரேடியோவில்தான் இருந்தார். நிலம் ஆடுகிறது என்று சொல்லிவிட்டு வெளியே ஓடினார். நிலையம் அடங்கிப்போனது. இந்தச் செய்தி நம் ஆட்களிடையே வாய்மாறி என்னிடம் வந்தபோது ஏழு மணிகூட ஆகவில்லை. என் வீட்டிலும் பாத்திரம் ஆடியிருந்தது. ‘அந்தம்மா பத்திரமாக இருக்கட்டும்’ என்று நினைத்தேன். காபி குடித்தேன்.

கடலைப் பற்றி ஒரு நினைப்பும் வரவில்லை.

ஒன்பது மணியை ஒட்டி அலை இங்கே வந்துவிட்டது. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் போனார்கள். ‘சுனாமி’ என்ற சொல்லே அன்று நம் ஊரில் பலருக்குத் தெரியாது. ஹைதராபாத்தில் எச்சரிக்கை மையம் வந்தது 2007-ல்தான். அதனால் யார்மீதும் பழி போட இதைச் சொல்லவில்லை. செய்தி நம் காதுவரை வந்தது, அதன் பொருள் வரவில்லை. அது எனக்கு இன்னும் வலிக்கிறது.

சரி, அதற்கப்புறம் நடந்ததற்கு வருகிறேன். பாரதியின் குழு கருவிகளை வெளியே கொண்டுவந்து மறுபடி ரேடியோவை உயிர்ப்பித்தது. அதுவரை ஆயிரக்கணக்கானோர் கூப்பிட்டுக்கொண்டிருந்த அலைவரிசையில் இப்போது எல்லோரும் வாயை மூடிக்கொண்டார்கள். அதைக் கேட்டவர்களுக்குத்தான் தெரியும் அந்த அமைதி எப்படியிருந்தது என்று. தீவில் உயிரோடு இருப்பவர்களின் பெயர்கள் ஒவ்வொன்றாக வந்தன. கார் நிக்கோபாரிலிருந்தும் பிறகு செய்தி வந்தது.

பெயரை வாங்குவது லேசான காரியமில்லை. இரைச்சலுக்கு நடுவில் ‘ராமன்’ எது, ‘ரமணன்’ எது? ஒவ்வோர் எழுத்தாக, R, A, M என்பதற்கு ‘ரோமியோ, ஆல்ஃபா, மைக்’ என்று திருப்பிச் சொல்லி, அந்தப் பக்கம் பேசுகிறவர் ஆமாம் என்ற பிறகுதான் நோட்டில் எழுதுவோம். ஒரு பெயரை ஏழு தடவை கேட்டேன். பிறகு அந்த வீட்டுக்குப் போன் போட்டேன். எடுத்த அம்மா, “அவன் குரலை நீங்க கேட்டீங்களா தம்பி?” என்றார். “குரலைக் கேக்கலைம்மா, பேரைக் கேட்டேன்” என்றேன். “எழுத்து சரியா இருந்துச்சா?” என்று அடுத்த கேள்வி. ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னேன். கடைசி எழுத்து வரைக்கும் அவர் மூச்சுவிடவில்லை.

இங்கே இருக்கும் இளைஞர்கள் பலர் தேர்வு எழுதி உரிமம் வாங்கியிருக்கிறீர்கள். ரொம்ப தூரம் பேசுகிறீர்கள், சந்தோஷம். ஆனால் பெயர் வாங்கிப் பழகியிருக்கிறீர்களா? அப்புறம், நிலம் ஆடியது என்று கடலோரத்து நண்பர் சொன்னால் அடுத்த நிமிடம் யாருக்குச் சொல்வீர்கள்? அந்த எண் உங்கள் மேசைமேல் எழுதி ஒட்டியிருக்கிறதா?

வெளியே இரண்டு வேப்பமரங்களுக்கு நடுவில் ஆன்டெனாவாகப் பத்து மீட்டர் கம்பி இழுத்துக் கட்டியிருக்கிறோம். கரண்ட் இணைப்பு கிடையாது, கார் பேட்டரி மட்டும்தான். அன்றைக்கு நான் எழுதிய நோட்டைக் கொண்டுவந்திருக்கிறேன். அந்தப் பெயர்களை ஒலிபரப்பப் போவதில்லை, அவை அந்தக் குடும்பங்களுக்குச் சொந்தம். உங்கள் பாட்டி பெயரை ஒரு தாளில் எழுதி எடுத்துவாருங்கள். தேநீர் முடிந்ததும் அதைத்தான் அனுப்பிப் பார்க்கப்போகிறோம், எழுத்தெழுத்தாக.