ஓட்டம் ஒன்று, பொருள் பல

நேயர்களுக்கு வணக்கம்.

'ரன்' என்றால் ஓடுவது. ஆங்கிலம் படிக்கத் தொடங்கியதுமே இதைத் தெரிந்துகொள்கிறோம். ஆனால் ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதியில் இந்த வினைச்சொல்லுக்கு மட்டும் 645 பொருள்கள் இருக்கின்றன. பீட்டர் கில்லிவர் என்ற அகராதி ஆசிரியர் இந்த ஒரே சொல்லைப் பிரித்து அடுக்க ஒன்பது மாதம் உழைத்தார். 1989இல் வந்த இரண்டாம் பதிப்பில் முதலிடம் 'செட்' என்ற சொல்லுக்கு இருந்தது. அதற்கு 430 பொருள்.

'செட்'டை 'ரன்' எப்படி முந்தியது? இயந்திரங்கள் ஒரு பெரிய காரணம். கடிகாரம், ரயில், தொழிற்சாலை, கடைசியில் கணினி நிரல் என்று எது வந்தாலும் ஆங்கிலம் 'ரன்' என்றே சொல்லிவிட்டது. இது நமக்கும் புதிதல்ல. வண்டி ஓடுகிறது, கடிகாரம் ஓடுகிறது, படம் நூறு நாள் ஓடுகிறது என்கிறோமே.

சிக்கல், இரண்டு மொழியும் பிரிகிற இடத்தில்தான். அவர்களுக்கு மூக்கு 'ரன்' ஆகும், நமக்கு ஒழுகும். துணியின் சாயமும் அங்கே 'ரன்', இங்கே போகிறது. இவை ஏனோதானோ என்று வந்த பொருள்கள் அல்ல. நீர் பாய்வதும் அந்தச் சொல்லின் பழைய பொருள்களில் ஒன்று. உறவு மொழியான ஜெர்மனில் 'ரின்னன்' என்றால் இன்றும் ஒழுகுவது, வழிவதுதான். தேர்தல் இன்னும் சுவையானது. அமெரிக்காவில் வேட்பாளர் 'ரன்' செய்கிறார், அதாவது ஓடுகிறார். பிரிட்டனில் வழக்கமாக 'ஸ்டாண்ட்', நம்மைப் போலவே நிற்கிறார்!

அப்புறம், கூட வரும் சொற்கள். 'ரன் இன்டு' என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். பின்னால் நண்பர் வந்தால் தற்செயலாகச் சந்தித்தோம். சுவர் வந்தால் மோதிக்கொண்டோம். லட்சம் வந்தால் செலவு அந்த அளவுக்குப் போய்விட்டது. 'ரன்'னும் மாறவில்லை, 'இன்டு'வும் மாறவில்லை. அடுத்து வந்த சொல்தான் பொருளைத் தீர்மானித்தது. அதனால்தான் மாணவர்களிடம் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொள்கிறேன்: சொல்லைத் தனியாக எழுதி எதிரே பத்துப் பொருளை மனப்பாடம் செய்யாதீர்கள், முழு வாக்கியமாகவே குறித்து வையுங்கள். 'ரன் ஆன் த பேங்க்' என்று செய்தியில் வரும்போது அங்கே ஓட்டப்பந்தயம் எதுவும் இல்லை; போட்ட பணம் போய்விடுமோ என்ற பயத்தில் மக்கள் ஒரே நேரத்தில் அதை எடுக்க வங்கிக்கு விரைகிறார்கள்.

நன்றி, வணக்கம்.