சர்க்கஸ் கூடாரத்தில் ஒரு சின்னத் துப்பறிவாளர்

நேயர்களுக்கு வணக்கம். சிறுவர்களுக்குத் துப்பறியும் கதை எழுத விரும்புகிறவர்களிடம், கதையை ஊர் ஊராகப் போகும் ஒரு சர்க்கஸில் வைத்துப் பாருங்கள் என்பேன். கடைசிக் காட்சி முடிந்ததும் கூடாரத்தைப் பிரித்து விடிவதற்குள் கிளம்பிவிடுவார்கள். திருடியவரும் தடயங்களும் சேர்ந்தே வண்டி ஏறிவிடும். பணப்பெட்டி காணாமல் போயிருக்கிறது. நம் பன்னிரண்டு வயதுப் பெண்ணுக்கு அவகாசம் அந்த ஒரு ராத்திரிதான்.

சரி, துப்பு எங்கிருந்து வரும்? தற்செயலாகக் காதில் விழுந்த பேச்சில் மர்மம் அவிழ்வது எனக்குப் பிடிக்காது. வாசிக்கிற பிள்ளைக்கு அது ஏமாற்றம். சர்க்கஸ்காரர்களின் தொழிலிலிருந்தே துப்பு கிடைக்க வேண்டும்.

அந்தரத்தில் ஊஞ்சலாடுகிறவர்கள் கை வழுக்காமலிருக்க மக்னீசியம் கார்பனேட் என்ற வெள்ளைப் பொடியைப் பூசிக்கொள்வார்கள். அலுவலக அறைப் பூட்டில் அந்தப் பொடி. எல்லோரும் ஊஞ்சல்காரர்களைச் சந்தேகிக்கிறார்கள். அவள் மட்டும் பூட்டருகே குனிந்து பார்க்கிறாள். ஆடி இறங்கிய கையில் பொடி வியர்வையோடு குழைந்திருக்கும். இங்கே இருப்பதோ உலர்ந்த தூள். யாரோ டப்பாவிலிருந்து அள்ளித் தூவியிருக்கிறார்கள்.

அப்புறம் கோமாளி. திருட்டு நடந்தபோது அவர் அரங்கில் இருந்தார், கூட்டமே பார்த்தது. அவர்மேல் யாருக்கும் சந்தேகமில்லை. ஆனால் ஒரு கோமாளியின் முகச்சாயத்தை இன்னொரு கோமாளி போட்டுக்கொள்ளக் கூடாது என்பது அவர்களிடையே எழுதாத சட்டம். 1946-இல் லண்டனில் ஸ்டான் பல்ட் என்பவர் கோமாளிகளின் முகங்களை முட்டை ஓட்டில் வரைந்து சேர்க்கத் தொடங்கினார். பின்னாளில் அது ஒரு பதிவேடாகவே ஆகிவிட்டது. என்ன அழகான யோசனை! நம் கதையிலும் முதலாளியின் அலமாரியில் அப்படி ஒரு முட்டை இருக்கட்டும்.

சர்க்கஸ் வட்டத்தின் குறுக்களவு வழக்கமாக 42 அடிதான். ஓடும் குதிரையின் முதுகில் நின்று வித்தை காட்ட வசதியான அளவு அது. அவ்வளவு கிட்டத்தில், முன்வரிசையில் உட்கார்ந்திருப்பவருக்குக் கோமாளியின் புருவம்கூடத் தெரியும். அன்று அவள் பார்த்த புருவம், முட்டையில் வரைந்திருப்பதைவிட ஒரு விரற்கடை மேலே இருந்தது. அரங்கில் நின்றவர் வேறு ஆள்! அவரை நிறுத்திவிட்டுக் கோமாளி பூட்டைத் திறக்கப் போயிருக்கிறார்.

இதை எழுதுகிறவர்கள் முட்டையை முதல் அத்தியாயத்திலேயே காட்டிவிடுங்கள். வேறொரு பேச்சுக்கு நடுவே, அவள் அதைக் கையில் எடுத்துப் பார்த்து ரசித்துவிட்டு வைப்பதாக இருந்தால் போதும். நன்றி, வணக்கம்.