மூன்று பலகைகள், ஒரே வாசகம்

தலைவர் அவர்களே, நூலகச் செயலர் அம்மையார் அவர்களே, அரங்கு தந்து, ஒலிபெருக்கி முதல் நாற்காலி வரை பார்த்துக்கொண்ட நண்பர்களே, முன்வரிசையில் குறிப்பேடும் கையுமாக உட்கார்ந்திருக்கும் மாணவச் செல்வங்களே, வணக்கம். எனக்கு முன் பேசிய பேராசிரியர் ஐயா பசிபிக் கடலில் இருக்கும் ஈஸ்டர் தீவைக் கண்முன் நிறுத்திவிட்டார். அவருக்கு என் தனி நன்றி.

அந்தத் தீவில் மரப்பலகைகளில் வெட்டிவைத்த, இன்னும் யாராலும் படிக்க முடியாத ரொங்கோரொங்கோ எழுத்தைப் பற்றி மூன்று செய்திகள் சொல்ல வந்தேன்: பலகைகளை ஒப்பிடும் முறை, அதனால் கிடைத்த பலன், அந்த எழுத்தின் வயது. ‘பதறாத காரியம் சிதறாது’ என்பார்கள். இந்த எழுத்திலோ பதறியவர்கள்தான் அதிகம். இது பறவை, இது மீன் என்று பொருள் சொல்லி, முழுப் பலகையையும் படித்துவிட்டதாக அறிவித்தவர்கள் பலர். அந்த விளக்கங்களில் எதுவும் இன்றுவரை நிலைக்கவில்லை.

பதறாதவர்கள் கதையைக் கேளுங்கள். லெனின்கிராடு, அதாவது இன்றைய ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க். இரண்டாம் உலகப்போரை ஒட்டிய காலம். போரிஸ் குத்ரியாவ்த்சேவ் என்ற மாணவரும் அவருடைய இரண்டு தோழர்களும் அருங்காட்சியகத்தில் இருந்த இரண்டு பலகைகளின் முன் நிற்கிறார்கள். மொழி தெரியாது. எந்தக் குறிக்கு என்ன ஒலி, அதுவும் தெரியாது. ஒரு வரி முடிந்ததும் பலகையைத் தலைகீழாகத் திருப்பினால்தான் அடுத்த வரி நேராக வரும்; அப்படி வெட்டியிருக்கிறார்கள். அந்தப் பிள்ளைகள் பொருள் தேடவில்லை. குறிக்குப் பக்கத்தில் குறியாக வைத்துப் பார்த்தார்கள். அதே வரிசை இங்கேயும் வருகிறது, அங்கேயும் வருகிறது! சின்னச் சின்ன மாற்றங்கள் தவிர இரண்டும் ஒரே வாசகம். அப்புறம் சிலி நாட்டு சாந்தியாகோவில் இருக்கும் பெரிய பலகையைப் பார்த்தால், அதிலும் அதே வாசகம்! குத்ரியாவ்த்சேவின் கட்டுரை 1949-இல் அச்சானபோது அவர் உயிரோடு இல்லை.

சரி, பலன் என்ன? ஒரு பலகையில் தனித்தனியாக நிற்கும் இரண்டு குறிகள், இன்னொன்றில் ஒட்டிக்கொண்டு ஒரே உருவமாக வரும். அது புதுக் குறி அல்ல, கூட்டு என்று அப்போதுதான் தெரிகிறது. 1958-இல் தாமஸ் பார்தெல் என்ற ஜெர்மன் ஆய்வாளர் ஏறக்குறைய 600 உருவங்களுக்கு எண் கொடுத்தார். 2007-இல் பொஸ்ட்னியாக்கோவ் என்ற பெயருள்ள ஆய்வாளர்கள் இருவர், வெவ்வேறு பலகைகளில் ஒரே வாசகமாக வரும் இணை வரிகளை ஒப்பிட்டு, அடிப்படைக் குறிகள் 52 என்று வாதிட்டார்கள். பதறாத காரியம் சிதறாது!

எழுத்தின் வயதை இன்னொரு கூட்டத்துக்கு வைத்துக்கொண்டு, என் மனதில் கிடப்பதைச் சொல்லிவிடுகிறேன். எஞ்சிய பலகைகள் இரண்டு டஜன் அளவுதான். ரோம், லண்டன், சாந்தியாகோ, செயின்ட் பீட்டர்ஸ்பர்க் என்று சிதறிக் கிடக்கின்றன. தீவில் ஒன்றுகூட இல்லை. 1862-இல் பெருவிலிருந்து வந்த அடிமைக் கப்பல்களும் பின்னால் பரவிய அம்மையும், படிக்கத் தெரிந்தவர்களைக் கொண்டுபோயின. பலகைகளும் போய்விட்டன. தேய்ந்த இடத்தில் வெட்டு எந்தப் பக்கம் வளைகிறது என்று, பலகையைப் பார்த்து ஒருவர் வரைந்த கோட்டோவியத்தை வைத்துச் சொல்ல முடியாது. வரைந்தவர் முடிவுதான் அதில் தெரியும். ஒவ்வொரு பலகையின் ஒவ்வொரு முகத்தையும் பக்கவாட்டு வெளிச்சத்தில் படமெடுத்து எல்லோருக்கும் இலவசமாகத் திறந்துவிட வேண்டும். முதல் பிரதி ராப்பா நூயி, அதாவது அந்த ஈஸ்டர் தீவின் பள்ளிக்கூடங்களுக்குப் போகவேண்டும்.

இதைக் கேட்டு அருங்காட்சியகங்களுக்கு எழுதிய கடிதங்கள் வாசலில் மேசைமேல் இருக்கின்றன. போகும்போது கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள். நன்றி, வணக்கம்.